பிள்ளையின் பேச்சு புரிவதே முதல் தகுதி: வகுப்பறை உதவியாளர் நியமனம் பற்றி எங்கள் நிலைப்பாடு

ஒன்றாம் வகுப்பில் டீச்சர், "பற, பற" என்கிறார். மலையாளத்தில் அதற்குச் 'சொல்லு' என்று பொருள். ஏலத் தோட்டத்து லயத்திலிருந்து அன்றுதான் பள்ளிக்கு வந்த தமிழ்ப் பிள்ளை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறது. வகுப்பே சிரிக்கிறது. இன்னும் நாலு மாதத்தில் அந்தப் பிள்ளை மலையாளத்தைப் பிடித்துக்கொள்ளும், சந்தேகமில்லை. ஆனால் எழுத்தும் எண்ணும் ஊன்ற வேண்டிய மாதங்களே அவைதாம்.

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூர், குமுளி வரை எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் தொடக்க வகுப்புகளில் உதவிக்கு ஆள் எடுக்கும்போது எதைத் தகுதியாகக் கொள்வது? ஆயா, ஹெல்பர், வாலண்டியர் என எந்தப் பெயரில் எடுத்தாலும், பிள்ளை வீட்டில் பேசும் மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஆசிரியர் பணியின் தகுதியைக் குறைக்கச் சொல்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியருக்குப் பயிற்சிப் பட்டயமும் கே-டெட் எனும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் இருக்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு பேசுவதும் ஆசிரியரின் தகுதியைப் பற்றித்தான். உதவியாளருக்கான விதியை மாநில அரசே எழுதலாம். எழுதும்போது, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்யச் சொல்லும் அரசமைப்பின் 350ஏ பிரிவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அதே 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. எங்களைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதியதுதான்.

இது கேரளத்துக்குப் புதிதும் அல்ல. வயநாட்டில் 2017இல் தொடங்கிய கோத்ரபந்து திட்டத்தில் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற இளைஞர்களையே தொடக்கப் பள்ளிகளில் அமர்த்தினார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தின் ரோஷ்னி திட்டம் வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக, அவர்கள் மொழி தெரிந்த தன்னார்வலர்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. இப்போது இடுக்கித் தோட்டங்களிலும் அசாம், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

எங்களுக்கு அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. மலைக்குடிகளில் ஏகாத்யாபக வித்யாலயம் என்ற ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. காடும் ஆறும் கடந்து போய், இருபது வருடத்துக்கு மேல்கூடப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. 2022இல் அந்தப் பள்ளிகளை மூடியபோது, ஆசிரியருக்கான தகுதி இல்லை என்று அவர்களில் பலருக்குக் கொடுத்தது பகுதிநேரத் துப்புரவுப் பணி. சாக்பீஸ் பிடித்த கையில் துடைப்பம். அரசு வேலை ஆயிற்றே என்று சமாதானம் சொன்னவர்களும் இருந்தார்கள்; எங்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆள் தேவைப்பட்டபோது கேட்காத தகுதியைக் கடைசி நாளில் கேட்டது அநியாயம்.

அதனால், உதவியாளராக எடுக்கும் நாளிலேயே அவர் மேலே படிக்கும் வழியையும் சொல்லிவிட வேண்டும். வேலையில் இருந்தபடியே பயிற்சியை முடிக்கக் கால அவகாசமும் கட்டண உதவியும் வேண்டும். வகுப்பறையில் கழித்த ஆண்டுகளுக்குப் பின்னாளைய ஆசிரியர் தேர்வில் மதிப்பெண் வேண்டும். கம்பத்திலும் பொள்ளாச்சியிலும் படித்துவிட்டு இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், கையில் தமிழ்நாட்டுப் பட்டயத்தோடு, அது இங்குள்ள பட்டயத்துக்கு இணை என்ற சான்றுக்காக அலைகிறார்கள். அவர்களைப் போல இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் கிடைப்பது அரிது.

மலையாளம் தெரியாதவரை எடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. தலைமையாசிரியரிடமும் அலுவலகத்திலும் பேச அது வேண்டும். பிள்ளைகளும் அதைக் கற்றே ஆக வேண்டும்.

மொழித் தேர்வுக்கு வினாத்தாள் தேவையில்லை. வந்தவரை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவே பத்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். ஜூனில் பள்ளி திறக்கிறது. தற்காலிகப் பணிக்கான நேர்காணல்கள் அதற்கு முன்பே நடந்துவிடும். இந்த மே மாதத்திலிருந்தே நேர்காணல் குழுவில் தமிழ் தெரிந்த பெற்றோர் ஒருவரை உட்கார வைக்கும்படி பாலக்காடு, இடுக்கி மாவட்டக் கல்வி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.