அக்கரைக்கு என்ன அவசரம்?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வசிக்கும் நாம் வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் வெளியூர் நண்பர்கள் நகைப்பதுண்டு. “உங்கள் ஊரில் நதி எங்கே இருக்கிறது, வெள்ளம் வருவதற்கு?” என்பார்கள். கேள்வி நியாயமானதே. காவேரியைப் போலவோ தாமிரபர்ணியைப் போலவோ கரை தழுவி ஓடும் நதி நமக்கு இல்லை. வருஷத்தில் பெரும்பகுதி மணலும் பாறையுமாகக் கிடக்கும் ஆறுகளும் ஓடைகளுமே நமக்கு வாய்த்தவை. ஆயினும் அபாயம் அந்த வறண்ட மணலிலேதான் இருக்கிறது.

நமக்கு மேற்கே மதில்போல் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன்மேல் ஒரு பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை, செங்குத்தான சரிவுகளில் தங்க இடமின்றி, ஓடையோடு ஓடை சேர்ந்து, சொற்ப நேரத்துக்குள் அடிவாரத்துக்கு வந்து விடுகிறது. அடிவாரத்தில் அப்போது வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். கணுக்கால் நீரில் குழந்தைகள் விளையாடிக் கொண்டிருக்கலாம். பெரிய நதியிலே வெள்ளம் வருமுன் அணையிலிருந்து தகவல் வருகிறது. அதிகாரிகள் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறார்கள். காட்டாற்றுக்கு அப்படிப்பட்ட கட்டியக்காரன் கிடையாது. தெளிந்த நீர் திடீரென்று கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேலேயிருந்து ஓர் இரைச்சல் - இவைதான் அது அனுப்பும் ஓலை. அதைப் படித்து முடிக்கச் சில நிமிஷங்களே அவகாசம்.

காட்டாற்றுக்கு ஒரு நற்குணமும் உண்டு. வந்த வேகத்திலேயே வடிந்தும் போகும். மலையில் மழை நின்றுவிட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் நீர் இறங்கிவிடும். மழை நீடித்தால் ஓர் இரவு ஆகலாம். ஆகவே நமது பிரதேசத்தில் வெள்ளத்தினின்று தப்புவதற்கு நீந்தத் தெரிய வேண்டியதில்லை. கரையிலே உட்கார்ந்திருக்கத் தெரிந்தால் போதும். எழுதுவதற்கு இது எளிதாயிருக்கிறது. செய்வதற்கு ஏன் இவ்வளவு அரிதாயிருக்கிறது என்பதையே இவ்வாரம் ஆராய விரும்புகிறோம்.

இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோயில் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். தரிசனத்துக்குப் போனவர்கள் திரும்பும்போது ஆற்றிலே நீர் பெருகி, அக்கரையில் சிக்கிக்கொள்வதும், தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி அவர்களை மீட்டு வருவதும் நமக்குப் புதிய செய்திகள் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும் இதே கதைதான். இவற்றையெல்லாம் விடக் கொடியது 2015-ம் வருஷம் மே மாதத்தில் சதுரகிரியில் நடந்தது. அமாவாசை தரிசனத்துக்காகத் தாணிப்பாறை வழியே மலையேறியிருந்த ஜனங்களைக் கோடை மழையால் பெருகிய ஓடைகள் அடித்துக்கொண்டு போயின. உயிரிழந்தோர் பலர். ஐப்பசி கார்த்திகையில் மட்டுமே வெள்ளம் வரும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்த வைகாசி கற்பித்த பாடம் மிகக் கடுமையானது. அதன் பிறகு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில தினங்களில் மாத்திரம் மலையேற அனுமதிப்பதும், மழை கண்டால் வழியை அடைத்துவிடுவதும் வனத்துறையாரின் வழக்கமாயின. பக்தர்கள் சிலர் அதை முணுமுணுத்ததுண்டு. மலை மேலிருக்கும் ஈசுவரன் ஒரு மாதம் பொறுத்து வந்தால் கோபித்துக்கொள்வாரா என்ன?

நீரின் வலிமையை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். குடத்தில் பார்த்துப் பழகிய பொருளல்லவா! ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. அது ஓடும் வேகம் இரட்டித்தால் நம்மைத் தள்ளும் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. அரையடி ஆழமே உள்ள விரைந்த நீர் வளர்ந்த மனிதரைச் சாய்த்துவிடக்கூடும். ஓரடி நீர் சிறிய மோட்டார் வண்டியை மிதக்கச் செய்யும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். அன்றியும் காட்டாறு வெறும் நீராக வருவதில்லை. கல்லும் மரமும் உடன் வருகின்றன. தரைப்பாலத்தின் மேல் செந்நீர் ஓடும்போது, கீழே பாலம் இருக்கிறதா, அதில் பாதி போய்விட்டதா என்பதை இக்கரையில் நிற்பவர் காண முடியாது. “போன வருஷம் இதைவிட அதிக நீரில் கடந்தேன்” என்று சொல்லுகிறவர் போன வருஷத்துப் பாலத்தைப் பற்றிப் பேசுகிறார்.

இவ்வளவும் தெரிந்தவர்களே இறங்குகிறார்கள். ஏன்? அசட்டுத் துணிச்சல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நமக்குச் சம்மதமில்லை. கரையில் நிற்பவளுடைய கைக்குழந்தை பாலுக்கு அழுகிறது. கிழவருக்கு மாத்திரை வேளை தப்புகிறது. வீட்டில் தனியே விட்டு வந்த சிறுமிக்கு யார் சமைத்துப் போடுவது? கடைசி பஸ் போய்விடும். நாளை வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி நஷ்டம். ஸ்திரீகளுக்கு ஒதுங்க மறைவிடம் கிடையாது. கைபேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. இருட்டும் ஆகிறது. இப்படியொரு கரையில் நிற்பவர்களிடம் “பொறுமையாயிருங்கள்” என்று உபதேசிப்பது சுலபம். நீர் அவர்களைக் கொல்லுவதற்கு முன்பே, காத்திருக்க இடமில்லாத கரை அவர்களை நீருக்குள் தள்ளிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைத் தாமிரபர்ணிக் கரை நமக்குக் காட்டியிருக்கிறது. 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்பாண்டி நாட்டில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அவ்வூரில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட இது அதிகம். 17-ம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனை அடைந்தபோது, ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலி அதை மேலே செல்லவிடாமல் நிறுத்தினார். அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த கல்லும் மண்ணும் கரைந்துபோய், இருப்புப் பாதை அந்தரத்திலே தொங்கிக் கொண்டிருந்தது பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்தது. வண்டியில் இருந்தவர்கள் ஏறக்குறைய 800 பேர். சுமார் 300 பேரைச் சமீபத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள்; அதற்குள் சாலையும் மூழ்கிவிடவே, மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே தங்க நேர்ந்தது.

நிறுத்தியது ஒருவரின் கடமை உணர்ச்சி. நின்றவர்களைக் காப்பாற்றியதோ பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார். அவர்கள் வீடுகளுக்கும் மழைத் துன்பம் குறைவில்லை. அப்படியிருந்தும் வீட்டிலிருந்த அரிசியைக் கொண்டு வந்து, கோயிலடியில் அடுப்பு மூட்டிச் சோறாக்கி, குழந்தைகளுக்குப் பால் தேடிக் கொடுத்து, அத்தனை பேரையும் பசியாற்றினார்கள். 19-ம் தேதி மீட்புப் படையினரின் உதவியால் பிரயாணிகள் வெளியேறும்வரையில் அந்தக் கூட்டம் நிலைகுலையாமல் இருந்ததென்றால், புதுக்குடியின் அடுப்பு அதற்கு ஒரு முக்கிய காரணம் என்றே நாம் கருதுகிறோம். வயிறு நிறைந்த மனிதன் வெள்ளத்தில் இறங்கி நடக்க அவசரப்படுவதில்லை.

நமது ஊர்களில் இதற்கு வேண்டிய சாதனங்களுக்குப் பஞ்சமில்லை. சாவடிகள் இருக்கின்றன, கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. மலையடிவாரத்துக்குச் சமீபத்தில் உள்ள கட்டிடம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, இரவு பத்து மணிக்கு அவர் கதவைத் திறப்பாரா என்பதை மழைக்கு முன்பே தீர்மானித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு மூட்டை அரிசி, பெரிய அண்டா, விளக்கு, பழந்துணி, குடிநீர், ஸ்திரீகளுக்கான கழிப்பிடம் இவ்வளவே தேவை. தரைப்பாலத்தின் இரு முனையிலும் கயிறு கட்டி ஊரார் இருவர் நின்றால், சீருடையில்லாவிட்டாலும் ஜனங்கள் கேட்கிறார்கள். தெரிந்த முகம் “போகாதீர்கள் அண்ணாச்சி” என்று சொல்வதற்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. மேலே மலங்காட்டில் வேலை செய்பவர்கள் மழையைக் கண்டவுடன் கீழே ஒரு போன் செய்தால், அதைவிடச் சிறந்த எச்சரிக்கை வேறில்லை. மீட்பதற்கு ஆள் வேண்டுமானால் 112-ம், ஜில்லாக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ம் இருக்கின்றன. ஆனால் ஊராரே நீரில் குதித்து மீட்கப் போவது கூடாது. கயிறும் நீண்ட மூங்கிலும் கரையிலிருந்தே நீட்டப்பட வேண்டியவை.

மலையிலிருந்து இறங்கிய நீர் பின்னர் தங்குமிடம் நமது கண்மாய்கள். ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்ததற்குச் செல்லும் இந்தச் சங்கிலியில், ஒரு கரை உடைந்தால் அந்தச் சுமை முழுவதும் கீழுள்ள கரைமேல் விழுகிறது. பெருமழை இரவுகளில் கரையின்மேல் விளக்கோடு காவல் இருந்தது பழைய வழக்கம். கும்பினி ஆட்சி முடிந்த 1858-ம் வருஷத்தில், வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேர்ந்தால் சுற்றுப்புறத்து உழைப்பாளிகளைக் கட்டாயமாக அழைத்து வேலை வாங்குவதற்குச் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே பிறந்தது. உழைப்பாளிகளை மட்டும்! வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கரையிலே வேலையில்லை என்று அன்றே முடிவாகிவிட்டது போலும். வாசிக்கத் தெரிந்தவர்கள் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு: மனை வாங்கும்போது பத்திரத்தோடு, அந்த இடத்தில் முன்பு வாய்க்கால் ஓடியதா என்றும் பார்ப்பது. இன்னொன்று, கரையின் வெளிப்புறத்தில் நீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பார்ப்பது. தெளிந்து கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் உள்ளிருந்து மண் அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். உடனே அதிகாரிகளுக்கும், கீழே குடியிருப்போருக்கும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, குடும்பத்தோடு கோயிலுக்கோ அருவிக்கோ புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டுச்சோற்றை ஒரு வேளைக்கு அதிகமாகவே கட்டுங்கள். மாத்திரைகளை இரண்டு நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம், “மழை வந்தால் இன்றிரவு திரும்பமாட்டோம், பயப்படாதீர்கள், பக்கத்து வீட்டு அத்தையிடம் படுத்துக்கொள்ளுங்கள்” என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு அத்தையிடமும் சொல்லிவிடுங்கள்.