நகரத்துக் கட்டடங்களும் தோட்டத்து லயங்களும்

ஒரு நாட்டின் வரலாறு ஏடுகளில் இருப்பது போலவே அதன் கட்டடங்களிலும் இருக்கின்றது. ஏட்டைத் தேடி நூல்நிலையத்துக்குச் செல்லல் வேண்டும். கட்டடமோ நாம் நாள்தோறும் நடக்கும் வீதியிலேயே நிற்கின்றது. நாள்தோறும் காண்பதனாலேயே அதனை நோக்காது கடந்துபோகின்றோம். எமது கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள பழைய கட்டடங்களைப் பற்றியும், அவற்றுள் எவற்றைப் பேணுதல் எம் கடன் என்பது பற்றியும் சில கூற விழைகின்றோம்.

முதற்கண் இரத்தினபுரி. மாணிக்கம் வாங்கவும் விற்கவும் இந்நகருக்கு வருவோர் பலர். சிவனொளிபாத மலைக்கு வழிகொள்வோர் பலர். கட்டடங்களைப் பார்க்கவென வருவோர் மிகச் சிலர். நகருக்கு மேற்கே ஏறத்தாழ இரண்டு கல் தொலைவில் மகா சமன் தேவாலயம் உளது. 17ஆம் நூற்றாண்டிற் போத்துக்கேயர் அதனைக் கைப்பற்றி, அவ்விடத்திலே தமது கிறித்துவ ஆலயத்தையும் அரணையும் அமைத்தனர். அவர்களது ஆட்சி நீங்கிய பின்னர் அத்தலம் மீண்டும் சமன் தெய்வத்துக்கு உரியதாயிற்று. அங்குள்ள கற்பலகையொன்றிற் போத்துக்கேய வீரன் ஒருவன் சிங்கள வீரனை வீழ்த்தி நிற்குங் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. வென்றவன் தன் வெற்றியைப் பொறித்த கல் அது. தோற்றவர் வழிவந்தோர் அதனை உடைத்தெறியவில்லை. தம் கோயிலிலேயே வைத்துப் பேணினர். இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதனிடம் மீள்வோம்.

நகரினுள்ளே எஹெலபொல வளவு இருக்கின்றது. சப்ரகமுவவின் திசாவையாக விளங்கி, 1814இற் கண்டியரசனுக்கு எதிராக எழுந்து, பின்னர் ஆங்கிலேயராலேயே மொரீசியசுத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே மறைந்த எஹெலபொல நிலமேயின் பெயரால் அது வழங்குகின்றது. 1988 முதல் அது தேசிய அருங்காட்சியகமாக உளது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய புகையிரதப் பாதை 1912இல் இந்நகரை எட்டியது. 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. தோட்டங்களின் இறப்பரையும் தேயிலையையும் கொழும்புக்குச் சுமந்த அப்பாதையில், அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1976இல் மூடப்பட்டது.

கேகாலைப் பக்கம் திரும்பினால், கொழும்பு – கண்டி வீதி மகா ஓயாவைக் கடக்கும் மாவனெல்லையில், 1830களிற் கட்டப்பட்ட செங்கல் வளைவுப் பாலம் நிற்கின்றது. மாட்டு வண்டிகளுக்கெனக் கட்டிய பாலம் இக்காலத்து மோட்டார் வண்டிகளையுந் தாங்கியது என்றால் அக்காலக் கொத்தனின் கைத்திறனை என்னென்பது! ருவன்வெல்லையில் ஆங்கிலேயர் கோட்டையின் வாயில் வாடிவீட்டுக்கு வாயிலாயிற்று. தெடிகமையில் 12ஆம் நூற்றாண்டின் கொட்டவெகெரவும் அதனருகே அருங்காட்சியகமும் உள. கேகாலை மாவட்டத்தின் தொல்பொருள்களை ஆராய்ந்து எச். சி. பி. பெல் என்பார் 1892இல் வெளியிட்ட அறிக்கை இன்றும் ஆய்வாளர்க்குத் துணையாகின்றது. ஒருவர் நடந்து பார்த்துக் குறித்து வைத்தமையால் விளைந்த பயன் அது.

இவையெல்லாம் பேணப்படுதல் நன்றே. எனினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. இந்த இரு மாவட்டங்களின் மலைச்சரிவுகளைத் தேயிலையும் இறப்பருமாக்கிய தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றுக்குச் சான்றாக எந்தக் கட்டடம் பேணப்படுகின்றது?

இவ்வினாவுக்குச் சட்டம் ஒருவாறு விடை கூறிவிடுகின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆந் திகதியை எல்லையாகக் கொண்டது. கண்டி ஒப்பந்தம் கையொப்பமான நாள் அது. அதற்கு முந்திய கட்டடம் பழமையான நினைவுச்சின்னமாகத் தானாகவே மதிக்கப்படும். பிந்தியதோ வர்த்தமானியில் விசேடமாக அறிவிக்கப்பட்டாலன்றிக் காப்புப் பெறாது. கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டிலே தோன்றியது 1820களில். இறப்பர் விதைக் கன்றுகள் ஹெனரத்கொடைக்கு வந்தது 1876இல். ஆகவே, எம் மூதாதையர் இம்மலைகளில் வாழ்ந்த வாழ்வு முழுவதும் அந்த எல்லைக் கோட்டுக்கு இப்பாலேயே கிடக்கின்றது. சட்டத்தை இயற்றியோர் எம்மை விலக்கவெனக் கருதினர் என யாம் கூறவில்லை. ஆயின், கேட்பாரின்றேல் காப்பாரும் இல்லை என்பதே விளைவு.

தோட்டத்துக் கட்டடங்கள் எவை? துரை பங்களா, தேயிலை ஸ்டோர், இறப்பர்ப் பாற் சீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடு, கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா, மாரியம்மன் கோயில், யாவற்றுக்கும் கீழே லயம். இவற்றுட் பங்களாவுக்குக் கவலையில்லை. பல பங்களாக்கள் சுற்றுலா விடுதிகளாகிப் புதுப்பொலிவு பெற்றுள்ளன. ஸ்டோருக்கும் ஓரளவு மதிப்புண்டு. கண்டி ஹந்தானையிற் பழைய ஸ்டோர் ஒன்றே தேயிலை அருங்காட்சியகமாயிற்று. லயத்துக்கோ நாதியில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, முதுகோடு முதுகாக மற்றொரு வரிசை, மேலே தகரம். சமையலும் துயிலும் பேறும் சாவும் அந்த ஓரறையிலேயே. இதனையா பேணுவது, இஃது அடிமை வாழ்வின் சின்னமன்றோ, இடித்துத் தள்ளுவதே மானமுடைமை என்பர் அன்பர் சிலர். அவர்தம் சினத்தில் நியாயம் உண்டு. 2016 மே மாதத்திற் கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவிலே களுபஹன தோட்டத்து மக்களை மண்சரிவு லயத்தோடு புதைத்தது. அத்தகைய சரிவுகளின் கீழே குடும்பங்களை வைத்துக்கொண்டு பழமையின் அழகைப் பேசுவோர் பழமையையும் அறியார், மனிதரையும் அறியார். மக்கள் யாவரும் லயத்தை விட்டு நீங்கித் தமக்குரிய காணியில், தம் பெயரில் உறுதி பெற்ற தனிவீட்டிலே குடியேறுதலே முதற் கடமை. அதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

யாம் வேண்டுவது, மக்கள் நீங்கிய பின்னர் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆபத்தற்ற இடத்திலுள்ள ஒரு லயத்தையேனும் இடியாது நிறுத்துக என்பதே. மகா சமன் தேவாலயத்துக் கல்லை இங்கே நினைவுகூர்க. இழிவின் சான்றைப் பேணுதல் இழிவைப் போற்றுதல் ஆகாது. லயங்கள் யாவும் மறைந்து பங்களா மட்டும் நிலைக்குமாயின், ஐம்பது ஆண்டுகளின் பின் வருவோன் தோட்டத்தில் துரைமாரே வாழ்ந்தனர் என எண்ணான் என்பதற்கு என்ன உறுதி?

மற்றொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கோ, அன்றேற் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்தமைக்கோ சான்று கேட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே காம்பராவில் வாழ்ந்தோரிடம் ஒரு துண்டுக் கடிதம் இல்லை. 1964இன் சிறீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. சான்று இல்லாமையின் விலை யாது என்பதை எம்மினும் அறிந்தார் யார்? பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரிதும் தீர்ந்தது. சான்றுகளைச் சேர்த்து வைக்கும் வழக்கமோ எம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

எஹெலபொல மறைந்த மொரீசியசையே பாருங்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய் வந்தோர் இறங்கிய ஆப்பிரவாசி காட் என்னுங் கட்டடத் தொகுதியின் எஞ்சிய பகுதி 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அரண்மனையன்று, ஆலயமன்று, கூலிகளைப் பதிந்து அடைத்து வைத்த கொட்டகைகள். அவர்தம் பேரர் அதனை இன்று தலைநிமிர்ந்து காட்டுகின்றனர். எமது நாட்டிலும் கம்பளைக்கு அருகே பழைய லயமொன்று தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக அமைந்துள்ளது. அவ்வழியிற் சப்ரகமுவவும் செல்லுதல் கூடாதோ?

செய்யத்தக்கவை பெருஞ்செலவின அல்ல. மாணவர் தத்தம் தோட்டத்து லயங்களை அளந்து, படம் வரைந்து, நிழற்படம் எடுத்து, எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்பதை முதியோரிடங் கேட்டு எழுதுக. ஆசிரியர் அவ்வேடுகளைக் கல்லூரி நூல்நிலையத்திற் சேர்த்து வைக்க. கோயிற் சபையார் கும்பாபிஷேகத்துக்கெனப் பழைய கட்டடத்தை மாற்றுமுன், அங்குள்ள கொடையாளர் பெயர்ப் பலகைகளைப் படியெடுத்துக் காக்க. கங்காணியும் தொழிலாளியும் சம்பளத்திற் சேர்த்த காசில் எழுந்த சுவர்கள் அவை. பழைய மாணவருள் வழக்கறிஞரும் பொறியியலாளரும் ஒன்றுகூடித் தொல்பொருள் திணைக்களத்துக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் விண்ணப்பஞ் செய்க. வர்த்தமானியில் ஒரு லயத்தின் பெயர் ஏறுமாயின், அதுவே எம் கல்லூரிக்கு யாம் செய்யும் தக்க காணிக்கை ஆகும்.

இரத்தினபுரியில் 2003இலும் 2017இலும் பெருகிய களு கங்கை எத்தனையோ சுவர்களை நனைத்து வடிந்தது. வெள்ளத்தைத் தடுத்தல் எம்மால் இயலாது போகலாம். நிற்கும் சுவரை அது விழுமுன் ஒருமுறை அளந்து எழுதி வைத்தல் எம்மால் இயலும். அடுத்த விடுமுறையிலேயே அதனைத் தொடங்குவோமாக.