ஆசிரியர் கண் படாத 160 நிமிடங்கள்

ஆறு பிள்ளைகள் படிக்கும் ஓர் ஐந்தாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு அந்த வகுப்பில் ஐந்து பேர் தமிழைத் தடுமாறாமல் வாசித்தார்கள். பள்ளியின் வாசிப்புத் திறன் 83 சதவீதம் என்று பதிவானது. இந்த ஆண்டு மூன்று பேர்தான் வாசிக்கிறார்கள், 50 சதவீதம். வட்டாரக் கூட்டத்தில் இந்த எண் திரையில் வரும்போது தலைமையாசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் எளியதாகவே இருக்கலாம். ஒரு பையன் பெற்றோருடன் கரும்பு வெட்டப் போய்ச் சில மாதங்கள் கழித்துத் திரும்பியிருப்பான். பாதி ஆண்டில் ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறுமி இப்போதுதான் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கிறாள். இரண்டு பிள்ளைகள், 33 சதவீதம்.

கிராமப்புறத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பல இந்த அளவில்தான் இருக்கின்றன: மொத்தம் இருபது, முப்பது, நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். இவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு எண்கள்தாம் முன்னால் வருகின்றன. ஒன்று மாணவர் எண்ணிக்கை, மற்றொன்று தேர்ச்சிச் சதவீதம். இவ்விரண்டையும் வைத்து ஒரு சிறிய பள்ளியின் தரத்தை அறிய முடியாது. அறிய முடியும் என்று நம்பி நடந்துகொள்வதால் நல்ல பள்ளிகள் பழியைச் சுமக்கின்றன. மோசமான பள்ளிகள் கண்ணில் படாமல் தப்பிவிடுகின்றன.

சதவீதம் ஏன் உதவாது என்பதைப் புள்ளியியல் அறிஞர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். கூட்டம் சிறியதானால் சராசரி அதிகம் ஊசலாடும். எண்ணிக்கை நான்கு மடங்கானால்தான் அந்த ஊசலாட்டம் பாதியாகும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மதிப்பெண் உயர்வை வைத்துப் பள்ளிகளுக்குப் பரிசு கொடுத்தபோது நடந்ததை தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். முதல் வரிசைப் பரிசுகள் சிறிய பள்ளிகளுக்கே அளவுக்கு மிஞ்சிப் போயிருந்தன. பென்சில்வேனியா மாநிலத்துப் பள்ளிகளை ஆராய்ந்த ஹவர்ட் வெய்னர், பட்டியலின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சிறிய பள்ளிகளே கூடியிருப்பதைக் காட்டினார். மேல் முனையை மட்டும் பார்த்தவர்கள் ‘சிறிய பள்ளியே சிறந்தது’ என்றார்கள். கேட்ஸ் அறக்கட்டளை சிறிய பள்ளிகளை உருவாக்கப் பெரும் பணம் செலவிட்டது. அவற்றில் பல, கற்றலைக் குறிப்பிடும்படி உயர்த்தவில்லை என்று 2009ஆம் ஆண்டுக் கடிதத்தில் பில் கேட்ஸே எழுதினார். நாம் கீழ் முனையை மட்டும் பார்த்துவிட்டு ‘சிறிய பள்ளி உருப்படாது, மூடிவிடலாம்’ என்கிறோம். இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்த முடிவுகள்.

நம் பெரிய ஆய்வுகளும் ஒரு தனிப் பள்ளியைப் பற்றிப் பேசுவதற்காக வந்தவை அல்ல. 2005இல் தொடங்கிய ‘அசர்’ என்ற கல்வி நிலை ஆய்வு பிள்ளைகளைப் பள்ளியில் வைத்துச் சோதிப்பதில்லை. ஊர் ஊராகச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளை வீட்டில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறது. மாவட்டத்தையும் மாநிலத்தையும் பற்றி அது சொல்வது மதிப்புள்ளது. 2021இல் நடந்த தேசிய அடைவுத் தேர்வும் அப்படித்தான், மாதிரிகளை எடுத்துச் செய்தது. அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ‘உங்கள் ஊர்ப் பள்ளி எப்படி?’ என்ற கேள்விக்குப் பதில் தேட முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் பதில், ஆசிரியரின் கண் படாத நேரத்தைப் பார்க்க வேண்டும் என்பது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணைப்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். தனியாக ஒரு தலைமையாசிரியர் வேண்டுமானால் 150 பிள்ளைகளுக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பெடுப்பவர்தான். பதிவேடும் ‘எமிஸ்’ இணையதளப் பதிவும் சத்துணவுக் கணக்கும் அவர் தலையில்தான். அதே சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று சொல்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். ஓர் ஆசிரியர் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் அவருடைய நேரடிக் கவனம் 80 நிமிடம் வரும். மிச்சம் 160 நிமிடம். சேர்த்து நடத்தக்கூடிய பாட்டும் கதையும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தும், மாற்றிவிடாது. மற்றொரு ஆசிரியர் பயிற்சிக்கோ மாற்றுப் பணிக்கோ விடுப்பிலோ போன நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். வகுப்புக்கு 48 நிமிடம்தான் மிஞ்சும்.

ஒரு பெரிய பள்ளியின் தரத்தை ஆசிரியர் பாடம் நடத்தும் விதத்தில் ஓரளவு பார்த்துவிடலாம். ஈராசிரியர் பள்ளியின் தரம் பெரும்பாலும் அந்த 160 நிமிடங்களில்தான் இருக்கிறது. ஆசிரியர் முதல் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கும்போது மூன்றாம் வகுப்பு என்ன செய்கிறது? கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கிறதா? கையைக் கட்டிக்கொண்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? அமைதி நிலவும் வகுப்பைக் கண்டு மகிழ்ந்து போகும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அந்த அமைதி பிடிப்பதில்லை. நல்ல ஈராசிரியர் பள்ளியில் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருக்கும். பெரியவன் சின்னவனுக்கு வாசித்துக் காட்டுவான். இரண்டு பேர் மணிச்சட்டத்தை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். ஒருத்தி எழுந்து போய், யாரையும் கேட்காமல், கதைப் புத்தகத்தை எடுத்து வருவாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

தமிழ்நாடு இதைப் புரிந்துகொண்ட காலம் ஒன்று உண்டு. ஆந்திரத்தின் ரிஷி வேலியைச் சுற்றியிருந்த சிற்றூர்களில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தும் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையை, 2003இல் எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றலாகப் பரவியது. சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. தரையில் வட்டமாக உட்கார்ந்த குழுக்கள். ஆசிரியர் முழுதும் உதவும் குழு ஒன்று, பாதி உதவும் குழு ஒன்று, சக பிள்ளைகள் உதவும் குழு, தானே செய்யும் குழு. பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியில் தன் இடம் எது என்று பிள்ளையே பார்த்து அடுத்த அட்டையை எடுக்க வேண்டும். நடைமுறையில் பல பள்ளிகளில் அது அட்டையை எடுத்து அட்டையை வைக்கும் சடங்காகிவிட்டது என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனாலும் ஆசிரியர் பார்க்காத நேரத்தைப் பாடத்திட்டத்தின் பகுதியாக நினைத்துப் பார்த்த முறை அது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். அதுவும் இதே தேவையிலிருந்து வந்ததுதான். அதோடு சேர்ந்து வந்த செயலிப் பதிவுகள் ஆசிரியரின் 80 நிமிடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் சொல்லி வருவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நோட்டு. நன்றாகப் படிக்கும் பிள்ளையின் நோட்டை ஆசிரியரே எடுத்துக் கொடுப்பார். அதை வாங்கி வைத்துவிட்டு, கடைசி வரிசையிலிருந்து மூன்று நோட்டுகளைக் கேட்க வேண்டும். மூன்றிலும் ஒரே கட்டுரை, ஒரே வரிகள், ஒரே சிவப்புக் குறி இருந்தால் அங்கே எழுதியது கரும்பலகைதான். ஆளுக்கொரு பிழை இருந்தால், அந்தப் பிழைக்குப் பக்கத்தில் ஆசிரியரின் கை போய்வந்திருந்தால், பத்து நாள் கழித்து அதே பிழை குறைந்திருந்தால், அது நல்ல பள்ளி. அதன் மதிப்பெண் என்னவாக இருந்தாலும் சரி. வாசிப்புக்கும் இப்படித்தான். பாடநூலைக் கொடுத்தால் மனப்பாடம் வரும். நூலக மூலையிலிருந்து பிள்ளை இதுவரை தொடாத ஒரு புத்தகத்தைக் கொடுத்து, வாசித்தபின் ‘என்ன நடந்தது, சொல்லு’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த மூலையில் புத்தகங்கள் கசங்கியிருக்கின்றனவா, அட்டை குலையாமல் பூட்டிக் கிடக்கின்றனவா என்பதும் ஒரு சாட்சி.

சிறிய பள்ளியில் ஒரு பெரும் ஆபத்தும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்கு நியாயமாகாது. பெரிய பள்ளியில் ஐந்தாண்டில் ஐந்து ஆசிரியர்களைப் பார்க்கிற பிள்ளை, இங்கே ஒரே ஆசிரியரிடம் மூன்று ஆண்டுகள் இருக்கிறது. நல்லவராக அமைந்தால் அதைவிடக் கொடுப்பினை இல்லை. குடும்பத்தின் கதை, அக்காவின் கையெழுத்து, எந்த மாதம் சூளைக்குப் போவார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். அக்கறையற்றவராக அமைந்தால் மூன்று ஆண்டும் போச்சு. அதனால்தான் சிறிய பள்ளிக்கு மற்ற பள்ளிகளைவிட அடிக்கடி, மற்ற பள்ளிகளைவிட நிதானமாக யாராவது போய்ப் பார்க்க வேண்டும். பள்ளியைப் பற்றிய தீர்ப்பு இங்கே ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பாகிவிடும் என்பதையும் போகிறவர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் அனுபவம் இதில் நமக்கு எச்சரிக்கை. பள்ளிகளை ஆய்வு செய்ய 1992இல் உருவான ‘ஆஃப்ஸ்டெட்’ அமைப்பு, நெடுங்காலம் ஒரு பள்ளி முழுவதையும் ஒரே சொல்லில் தரம் பிரித்து வந்தது. உச்ச நிலையில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளியைக் கடைசி நிலைக்கு இறக்கிய ஆய்வுக்குப் பிறகு, 2023 ஜனவரியில் அதன் தலைமையாசிரியர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வுக்கும் அதில் பங்குண்டு என்று மரண விசாரணை சொன்னது. 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் முறை கைவிடப்பட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நம் வட்டாரக் கூட்டங்களில் பள்ளிகளுக்கு நிறம் பூச விரும்புகிறவர்கள் அந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பெற்றோர் தங்கள் கணக்கில் பள்ளியை அளக்கிறார்கள். வேன் வருகிறது, டை கட்டுகிறார்கள் என்பதற்காகப் பிள்ளையைத் தனியாருக்கு அனுப்புகிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் வேறொன்றையும் பார்க்கிறார்கள்: அங்கே வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். அந்த ஆசிரியரின் சம்பளமும் பயிற்சியும் எப்படியிருந்தாலும், தன் பிள்ளையை ஒருவர் நாள் முழுக்கப் பார்க்கிறார் என்ற நிம்மதி தாய்க்கு வேண்டியிருக்கிறது. நியாயமான கணக்கு அது. பிள்ளைகள் போகப் போக, ஆகஸ்ட் 1 நிலவரப்படி ஆசிரியர் பணியிடம் நிரவப்படுகிறது. ஆசிரியர் குறையக் குறைய மிச்சப் பிள்ளைகளும் போகிறார்கள். இந்தச் சுழலில் விழுந்த பள்ளியின் எண்ணிக்கைக் குறைவை அதன் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவது கொடுமை.

யார் போய்விட்டார்கள், யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பல ஊர்களில் வசதியும் சாதி பலமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் வேனில் ஏறிவிட, காலனிப் பிள்ளைகள் மட்டுமே ஊர்ப் பள்ளியில் இருக்கிறார்கள். எல்லாரும் படிக்கும் பள்ளியானால், யார் எங்கே உட்காருகிறார்கள், துடைப்பத்தை எடுக்கச் சொல்வது யாரை, ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்ததை நாம் மறந்துவிட முடியாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு நேரத்தில் வரவைக்கிறது. அந்த உணவு எப்படிப் பரிமாறப்படுகிறது என்பது வாசிப்புத் திறனுக்குக் குறையாத தர அளவுகோல்.

இதையெல்லாம் பார்க்க அரை மணி நேர ஆய்வு போதாது. வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பல பள்ளிகள். ஆசிரியர் பயிற்றுநருக்குப் பல திட்டங்கள். ஒரு சிறிய பள்ளியில் ஆண்டுக்கு மூன்று முழு நாட்கள், காலை உணவு முதல் மாலை மணி வரை, உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். பக்கத்து ஒன்றியத்து ஈராசிரியர் பள்ளியில் வேலை செய்கிற ஓர் ஆசிரியர்தான் அதற்குப் பொருத்தமானவர். ஐந்து வகுப்பை இருவர் இழுப்பது என்னவென்று அவருக்குத்தான் தெரியும். அவர் போகிற நாளில் அவருடைய பள்ளிக்கு மாற்று ஆசிரியர் கண்டிப்பாக வர வேண்டும். மூன்று நாளில் ஒரு நாள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார் இருவர் கூட இருக்கட்டும். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். பார்த்ததை நிறமும் மதிப்பெண்ணும் இல்லாமல் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்: மூன்றாம் வகுப்பு தனியாக இருந்தபோது என்ன செய்தது, பின்தங்கிய நான்கு பிள்ளைகள் ஜூனில் எங்கே இருந்தார்கள், மார்ச்சில் எங்கே இருக்கிறார்கள், ஆசிரியருக்கு எந்த உதவி தேவை.

அந்தத் தாளின் மறுபக்கத்தில் அரசு தன் கணக்கை எழுத வேண்டும். இந்த ஆண்டு எத்தனை நாள் இந்தப் பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியர் இருந்தார், மற்றவரை எந்த வேலைக்காக வெளியே கூப்பிட்டார்கள், பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது, கழிப்பறைக்குத் தண்ணீர் வந்ததா. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இரண்டு பக்கங்களையும் வாசிக்க வேண்டும். முதல் பக்கத்துக்குத் தலைமையாசிரியரும் இரண்டாம் பக்கத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலரும் ஊர் முன்னால் பதில் சொல்லட்டும்.