கிண்ணங்களின் கணக்கும் பிள்ளைகளின் கணக்கும்

நம் நாட்டுப் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களிலே தவறாது ஒலிக்கும் புகழ்மொழி ஒன்றுண்டு. மாணவன் ஒருவனை மேடைக்கு அழைத்து, உதைபந்தாட்ட அணியிலும் துடுப்பாட்ட அணியிலும் இடம்பெற்றவன், கரப்பந்தாட்டத்திலும் கபடியிலும் வலயமட்டம் சென்றவன், நூறு மீற்றர் ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் முதலிடம் பெற்றவன் என்றெல்லாம் அடுக்கி, 'சகலதுறை வீரன்' என்னும் பட்டத்தை அவனுக்குச் சூட்டுவர். சபையோர் கைதட்டுவர். சிறு பட்டினத்துப் பாடசாலையிலே ஒரே பிள்ளை ஏன் ஆறு போட்டிகளிலும் நிற்க நேர்ந்தது என்னும் வினாவை அம்மேடையில் எவரும் எழுப்புவதில்லை. அதனை இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

முதலில் எளிய கூட்டல் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். உதைபந்தாட்டத்துக்கு 11 பேர்; துடுப்பாட்டத்துக்கு 11 பேர்; கரப்பந்தாட்டத்துக்கு 6 பேர்; கபடிக்கு 7 பேர். மாற்று வீரர்களை நீக்கிப் பார்த்தாலும் ஒரு வயதுப் பிரிவுக்கு மட்டும் 35 பேர் வேண்டும். வன்னியின் சிறு பட்டினத்திலோ மலையகத்தின் தோட்டப்புறத்திலோ அவ்வயதுப் பிரிவில் 30 ஆண்பிள்ளைகள் மட்டுமே கற்கும் மாகாணப் பாடசாலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். தலைநகரின் பெரிய தேசியப் பாடசாலையிலே மாணவர் ஆயிரக்கணக்கில் உளர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிப் பயிற்றுநர் உளர். அங்கே மாணவன் தனக்குகந்த விளையாட்டைத் தெரிவு செய்கின்றான். இங்கே விளையாட்டுக்கள் யாவும் சேர்ந்து மாணவனைப் பிடித்துக் கொள்கின்றன. எனவே, நாம் மேடையேற்றிப் போற்றும் சகலதுறை ஆற்றலிற் பெரும்பகுதி ஆட்பற்றாக்குறையின் மறுபெயரேயாகும்.

ஆள் குறைவெனின் 30 பிள்ளைகளும் மைதானத்தில் இறங்கியிருக்க வேண்டுமல்லவா? நடைமுறையோ வேறு. அந்த 30 பேரிலே பன்னிருவர் பொறுக்கியெடுக்கப்படுகின்றனர். அப்பன்னிருவரே நான்கு அணிகளாகவும் மாறிமாறித் தோன்றுகின்றனர். எஞ்சிய பதினெண்மர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஆரவாரம் செய்கின்றனர். காரணம் வெளிப்படை. பாடசாலையில் உள்ளது ஒரு பந்து; ஓர் உடற்கல்வி ஆசிரியர்; சிலவிடங்களில் அவருமில்லை, கணித ஆசிரியரே ஊதுகுழலை ஏந்துகின்றார். வலயக் கல்விப் பணிமனையோ, பெற்றோரோ, பழைய மாணவர் சங்கமோ, எத்தனை பிள்ளைகள் விளையாடினர் என்று கேட்பதில்லை. எத்தனை கிண்ணங்கள் வந்தன என்றே கேட்கின்றனர். கிண்ணத்தை எண்ணுகின்ற அமைப்பிலே, வேகமாக ஓடும் பிள்ளை ஓய்வின்றி ஓடவேண்டியவனாகின்றான். மெதுவாக ஓடும் பிள்ளை ஓடவே வேண்டாதவனாகின்றான். இருவரும் வஞ்சிக்கப்படுகின்றனர்.

இவ்விலட்சியம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். இல்லப் பிரிவுகள், அணித் தலைவர், வர்ண விருது, வருடாந்தப் பெரும்போட்டி ஆகியன யாவும் ஆங்கிலேய உயர்குடியினரின் விடுதிப் பள்ளிகளிலிருந்து குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இங்கு கொணரப்பட்டவை. கொழும்பிலே றோயல் – சென் தோமஸ் துடுப்பாட்டப் போட்டி 1879 இலும், யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1904 இலும் தொடங்கின. வேளைக்கு உணவும், பரந்த மைதானமும், பிற்பகல் முழுவதும் ஓய்வும் வாய்க்கப்பெற்ற பிள்ளைக்காக வகுக்கப்பட்டதே அம்முறை. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி உழைக்கும் மக்களின் பிள்ளைகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. அதன் பெருமையை எவரும் மறுக்கவியலாது. ஆனால், மைதானத்திலே பழைய இலட்சியமே நிலைத்தது. அதற்கு வேண்டிய உணவையும் ஓய்வையும் இப்பிள்ளைகளுக்கு எவரும் வழங்கினாரில்லை. பாடசாலை மதிய உணவுத் திட்டமும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்டதே.

ஆகவே, நமது சகலதுறை வீரன் வெறுந்தேநீர் குடித்துவிட்டுக் காலைப் பயிற்சிக்கு வருகின்றான். மாலைப் பயிற்சி முடிந்ததும் வயலுக்கு நீர் மாற்றவோ, தந்தைக்குத் துணையாக மீன்வாடிக்குச் செல்லவோ வேண்டியவனாகின்றான். மெய்வல்லுநர் போட்டியின் களைப்பு ஆறுமுன் உதைபந்தாட்டம் வருகின்றது. அது முடியுமுன் கரப்பந்தாட்டம். கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாக வெல்ல வெல்ல, அவன் வகுப்பறையிலிருந்து இழக்கும் நாட்களும் பெருகுகின்றன. காலையில் கணுக்கால் பிசகியவன் பிற்பகலிலே கட்டுப்போட்டுக்கொண்டு கரப்பந்தாட்ட வலைமுன் நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவன் வராவிடின் அணியே இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அதனால் மறுக்கும் உரிமையை அவன் இழந்துவிடுகின்றான். மாணவியரின் நிலை இன்னுங் கொடிது. வலைப்பந்தாட்டமும் ஓட்டமும் கரப்பந்தாட்டமும் முடித்துக் கடைசிப் பேருந்தில் வீடு திரும்புபவளுக்குச் சமையலறை காத்திருக்கின்றது. அயலாரின் வசைமொழியும் காத்திருக்கின்றது. ஈற்றில் சாதாரண தரப் பரீட்சையிலே கணிதம் கைவிடும்போது, மேடையிற் புகழ்ந்த நாமே, 'விளையாட்டினாற் கெட்டது' என்று தீர்ப்புக் கூறுகின்றோம்.

இத்தீர்ப்பு பொய்யானது. பல விளையாட்டுக்களில் ஈடுபடுதல் வளரும் உடலுக்கு நன்று, உள்ளத்துக்கும் நன்று. விளையாட்டை விட்டுப் பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்புக என்போருடன் நமக்கு உடன்பாடில்லை. ஏழைப் பிள்ளைக்கு எஞ்சியுள்ள மகிழ்ச்சியையும் பறிக்கும் யோசனையே அது. விருப்பத்தினால் மூன்று விளையாட்டுக்களை ஆடுவது வேறு. பாடசாலையின் மானத்தைக் காப்பதற்காக ஆறில் நிறுத்தப்படுவது வேறு.

'ஆற்றலுள்ளவன் எங்கிருந்தும் மேலெழுவான்' என்று வாதிடுவோரும் உளர். யாழ்ப்பாணத்துக் கிராமப்புறத்திலிருந்து சென்று, 2018 இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிக்குத் தூணாக நின்ற தர்ஜினி சிவலிங்கத்தை அவர்கள் சுட்டிக்காட்டுவர். அவ்வீராங்கனையை நாமும் போற்றுகின்றோம். ஆயினும், ஒருவர் மதிலைத் தாண்டிவிட்டார் என்பது மதில் இல்லை என்பதற்குச் சான்றாகாது. உயர்தர வகுப்புக்கு வரும்போதே திறமையுள்ள வீரரை நகரத்துப் பெரிய பாடசாலைகள் சலுகை காட்டி அழைத்துக்கொள்கின்றன. ஊர்ப் பாடசாலை வளர்த்த பயிரை மற்றவர் அறுவடை செய்கின்றனர். ஊர்ப் பாடசாலைக்கோ பழைய ஒற்றைப் பந்தே மிச்சம்.

செய்ய வேண்டியன தெளிவானவை. ஒரு தவணையில் ஒரு மாணவன் எத்தனை குழு விளையாட்டுக்களிற் பங்குகொள்ளலாம் என்பதற்கு எல்லை வகுத்தல் வேண்டும். போட்டிகள் ஒன்றன்மேலொன்று விழாதவாறு வலய நாட்காட்டி அமைதல் வேண்டும். அயற் பாடசாலைகள் கூட்டணி அமைத்து ஆடுவதற்கு விதிகள் இடந்தரல் வேண்டும். அப்பொழுது ஒற்றைப் பாடசாலையின் ஆட்பற்றாக்குறை ஒரு பிள்ளையின் முதுகில் ஏறாது. பயிற்சிக்கால உணவும் பிரயாணச் செலவும் அரசின் பொறுப்பாதல் வேண்டும். பழைய மாணவரின் தயவை எதிர்பார்த்து நிற்றல் தகாது. அனைத்துக்கும் மேலாக, ஒரு பாடசாலையின் விளையாட்டுச் சிறப்பை, மைதானத்தில் இறங்கிய பிள்ளைகளின் தொகையைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.

இவற்றை மேலிருந்து எவரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். 2021 இல் சம்பள முரண்பாட்டுக்கெதிராக நாடு முழுவதும் ஒன்றுதிரண்டு மாதக்கணக்கில் நின்றுபிடித்தது ஆசிரியர் சமூகம். அவ்வொற்றுமையைப் பிள்ளைகளின் மைதானத்துக்காகவும் நாம் காட்டவேண்டாமா? அடுத்த தவணைக்கு அணிகளைத் தெரிவு செய்யும் ஆசிரிய நண்பர்கள், அதே பன்னிருவரின் பெயர்களை நான்காவது முறையும் எழுதுமுன், எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பதினெண்மரை ஒருமுறை பெயர் சொல்லி அழைப்பார்களாக. தொழிற்சங்கக் கூட்டங்களிலும் இக்கோரிக்கைகளை எழுப்புவார்களாக.