‘உக்கும்’ எண்டு எழுதினால் உக்குமா?

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் சேர்ந்தன. தடை சரிதான், அதில எங்களுக்கு மறுபேச்சில்லை. பிரச்சினை அதுக்குப் பிறகு வந்த ‘உக்கும்’ என்ற சொல்லில்தான் கிடக்கு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்தச் சொல்லை நம்பித்தான் பையை வாங்கிறம், பிறகு வளவுக்குள்ள எறியிறம்.

உக்கிறது பொருளின் பெயரை மட்டும் பொறுத்ததில்லை. அதை எப்படி இழுத்தார்கள், எவ்வளவு சூடாக்கினார்கள் என்பதையும் பொறுத்தது.

பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். சாதாரணமாக அவை சிக்குப்பட்ட நூல் மாதிரிக் குழம்பிக் கிடக்கும். இழுத்தால் ஒரே திசையில் நிரையாகும். முல்லைத்தீவுக் கடலில் பாவிக்கிற தங்கூசியைப் பாருங்கோ. அவ்வளவு மெல்லியது அவ்வளவு பாரம் தாங்குவது, செய்யும்போது அதை இழுத்து நைலோன் சங்கிலிகளை நிரைப்படுத்தியதால்தான்.

சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கிலும் இதேதான் நடக்கும். அது ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். அதனால் சாதாரண பி.எல்.ஏ. கோப்பையில் கொதிதேத்தண்ணி ஊற்றினால் கோணிப்போகும். இதைத் தடுக்க, அதைச் சூட்டில் வைத்தும் இழுத்தும் சங்கிலிகளை நெருக்கமாக அடுக்க விடுவார்கள். இதைப் பளிங்காதல் என்பார்கள். பிறகு கோப்பை சூட்டைத் தாங்கும்.

ஆனால் உக்குவதற்கு முதலில் தண்ணீர் உள்ளே போய்ச் சங்கிலியை வெட்டவேண்டும். துண்டான பிறகுதான் நுண்ணுயிர்கள் தின்னும். குழம்பிக் கிடக்கும் இடத்தில் தண்ணீர் சுலபமாக நுழையும், நெருங்கி அடுக்கிய இடத்தில் நுழையப் பஞ்சிப்படும். அதாவது சூட்டுக்கும் பாரத்துக்கும் தாங்கவேணும் எண்டு நாங்கள் கேட்கிற அதே குணம், உக்கிறதைப் பொதுவாகத் தாமதமாக்கும். கடைக்காரரும் கொம்பனியும் இதைப்பற்றி ஒண்டும் சொல்லுறதில்லை.

‘உக்கும்’ என்ற சான்றிதழுக்கான ஐரோப்பிய நியமம் இ.என். 13432. ஆறு மாதத்துக்குள் 90 வீதம் சிதையவேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சோதனை நடப்பது ஏறத்தாழ 58 பாகையில், ஈரமும் காற்றும் உள்ள பசளைக் குவியலில். வன்னி வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் எங்கட வளவு மண் அந்தச் சூட்டில் மாதக்கணக்காக நிற்காது. வேலியோரம் கிடக்கிற பி.எல்.ஏ. ஆண்டுக்கணக்காகக் கிடக்கலாம்.

“பொலித்தீனை விட இது மேல்தானே?” எண்டு சிலர் கேட்கினம். சூடேறும் பெரிய பசளை நிலையம் பக்கத்தில இருந்தால் மேல்தான். அது இல்லாத ஊரில் இன்னொரு குப்பைதான். அதைவிட, ‘உக்கும்தானே’ எண்ட நினைப்பில் எறியிற கை இன்னும் தாராளமாகும்.

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு. ‘உக்கும்’ எண்டு மட்டும் அச்சடித்து விற்க விடக்கூடாது. என்ன பொருள், எத்தனை பாகையில், எத்தனை நாளில் உக்கும் என்று தமிழிலும் எழுதவேண்டும். மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு இது பெரிய வேலையில்லை. மற்றது, பிரதேச சபைகள் இந்தப் பைகளைத் தனியாகச் சேர்த்து, சூடேறும் குவியலில் போட வழி செய்யவேண்டும். அது முடியாத இடத்தில் இவற்றை ஊக்குவிக்கக் கூடாது.

அதுவரைக்கும் எங்களிட்ட வாழையிலை இருக்கு, குளங்களில் தாமரையிலை இருக்கு. பனையோலையில் கோலின பிளாவில் சுடச்சுடக் கூழ் குடிச்ச ஊர் இது. கூழின்ர சூட்டையும் தாங்கின அந்தப் பிளா, எறிஞ்சால் வளவு மண்ணிலேயே உக்கும். அதுக்கு ஆரும் சான்றிதழ் கேட்டதில்லை.