தலையில் தையல், கழுத்தில் தங்கம்!

போன சீசனில் ஒரு நாள். சாரல் மேலகரம் வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. 13 வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு அப்பா வந்தார். "டாக்டர் ஐயா, ஃபுட்பால் ஆடும்போது இன்னொரு பையன் மண்டையோட முட்டிட்டான். அருவியில தலையைக் காட்டினா சரியாயிடும்னு கூட்டிட்டுப் போனேன். அப்புறமும் தலைவலி, வாந்தி. சுக்குத் தைலம் குடுங்க... சனிக்கிழமை மேட்ச் இருக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிபட்ட தலையில் அருவித் தண்ணீரா! தைலம் தரவில்லை. ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பினேன். போகும்போது அவர் கேட்டாரே ஒரு கேள்வி: "ஜர்னைல் சிங் தையல் போட்ட தலையோட ஆடி தங்கம் வாங்கலையா ஐயா?"

வாங்கினார், வாஸ்தவம்தான். பஞ்சாபிலிருந்து வந்து, 1959 முதல் பத்து வருஷம் கல்கத்தா மோகன் பகான் அணியின் பின்வரிசையைக் காத்த டிஃபென்டர் அவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தாய்லாந்துடன் ஆடியபோது தலையில் பலத்த அடி. தையல் போட்டார்கள். கோச் ரஹீம் அவரைப் பின்வரிசையில் நிறுத்தாமல் முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியில் ஒரு கோல். செப்டம்பர் 4-ம் தேதி இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றோமே, அதிலும் ஒரு கோல் அவர் போட்டது!

பெருமைதான். எனக்கும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் வைத்தியனாகச் சொல்கிறேன், அவர் தப்பியது அதிர்ஷ்டம். ரஹீமைக் குறை சொல்லமாட்டேன். தலையடி பற்றி அன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை 13 வயசுப் பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்!

ஆடி முடித்தபின் ஜர்னைல் சிங்கும் கோச் ஆனார். 1974-75 சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்தில், அவர் தயார் செய்த பஞ்சாப் அணி வங்காளத்தை 6-0 என்று துவைத்தெடுத்தது. பின்வரிசையில் நிற்பவனுக்கு மொத்த மைதானமும் கண்முன்னே கிடக்கும். அதனால்தான் அங்கிருந்து நல்ல கோச்சுகள் வருகிறார்கள் என்பது என் கட்சி.

அதே இடம்தான் தலைக்குப் பொல்லாத இடமும். உயரப் பந்தையெல்லாம் முட்டித் தள்ளுவது அவர்கள் வேலை. ஸ்காட்லாந்தின் பழைய தொழில்முறை ஆட்டக்காரர்களை கிளாஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். மூளைத் தேய்வு நோய்கள் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம், அதிலும் டிஃபென்டர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு என்று 2021-ல் வெளியிட்டார்கள். கோல்கீப்பர்களுக்கு அப்படி ஏறவில்லை. அமெரிக்காவில் 2015-லேயே 10 வயசுக்குட்பட்ட பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக்கூடாது என்று விதி வைத்துவிட்டார்கள். தலையடி பட்டவருக்குப் பதிலாகக் கூடுதல் ஆள் இறக்க 2024-லிருந்து ஆட்ட விதிகளிலேயே இடம் உண்டு. நம் ஊர் மைதானங்களில்? "தண்ணியை ஊத்து, எந்திரிச்சு ஆடுல!"

அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு மறுபடி இறக்கவே கூடாது. மயக்கம் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், தூக்கக் கலக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, வலிப்பு... இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். தடவிவிடுகிறேன் என்று யாரிடமும் தலையைக் கொடுக்காதீர்கள். பாளையங்கோட்டை சித்தக் கல்லூரியில் 108 வர்மமும் படித்த நானே தொடமாட்டேன்!

அந்தப் பையனுக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "அப்ப சனிக்கிழமை விடலாமா ஐயா?" என்று திரும்ப வந்தார் அப்பா. மூளை குலுங்கியது பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது பட்டால் உயிருக்கே ஆபத்து. மனுஷரை உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கினேன். பையனின் கோச்சையும் வரச்சொல்லி, "தலைவலி முழுசாகப் போய், ஆஸ்பத்திரி டாக்டரும் சரி என்ற பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடுங்கள்" என்றேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது பயல் மறுபடி பின்வரிசையில் நிற்கிறான். தைலமும் கொடுத்தாயிற்று... அவன் அப்பாவின் முட்டிவலிக்கு!