நெட் இருக்கு... பக்கம் திறக்கலையா? உங்கள் டிஎன்எஸ் யார் கையில் என்று பாருங்கள்!

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரர்களுக்கு இதை எளிதில் புரியவைத்துவிடலாம். கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் இருக்கும். எதிரே கடலும் இருக்கும். நடுவில் முகத்துவாரம் தூர்ந்துபோனால் படகு வெளியே போகாது. இணையத்துக்கும் அப்படியொரு முகத்துவாரம் உண்டு. அதுதான் டிஎன்எஸ்.

நீங்கள் டைப் செய்வது இணையதளத்தின் பெயரை. கம்ப்யூட்டருக்குத் தேவையோ எண்களாலான ஐ.பி முகவரி. பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் சர்வரின் வேலை. அது படுத்துவிட்டால், வைஃபை ஃபுல்லா காட்டும். பக்கம் மட்டும் திறக்காது.

2025 ஜூலையில் நடந்தது இதுதான். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 டிஎன்எஸ் சேவை, அந்த நிறுவனமே செய்த செட்டிங் பிழையால் 62 நிமிடங்கள் முடங்கியது. நம் நேரப்படி ஜூலை 15 அதிகாலை 3.22 முதல் 4.24 வரை. 'எல்லாரும் தூங்குற நேரம்தானே' என்று விட முடியாது. கடலுக்குக் கிளம்புகிறவர்கள் காற்றும் அலையும் எப்படின்னு பார்க்கும் நேரம் அது. இன்காய்ஸ் மையத்தின் அலை எச்சரிக்கைப் பக்கம் நன்றாக இயங்கினாலும், 1.1.1.1-ஐ மட்டும் நம்பியிருக்கும் கம்ப்யூட்டரில் அது திறக்காது.

'நான் ரெண்டு எண் போட்டிருக்கேனே' என்கிறீர்களா? 1.1.1.1-க்குத் துணையாகப் பலரும் போடும் 1.0.0.1-ம் அதே நிறுவனத்துடையது. அன்று இரண்டும் சேர்ந்தே விழுந்தன.

எங்கே பார்ப்பது?

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', வைஃபை, ப்ராப்பர்டீஸ் என்று போனால் 'டிஎன்எஸ் சர்வர்ஸ்' என்ற வரி இருக்கும்.

* 192.168 என்று தொடங்கினால், அது உங்கள் ரௌட்டர். பெரும்பாலும் அது நெட் கம்பெனியின் சர்வரிடம் கேட்டுச் சொல்லும்.
* 8.8.8.8 என்றால் கூகுள், 9.9.9.9 என்றால் குவாட்9.
* யாருடையது என்றே தெரியாத எண்ணா? உஷார்! உடனே விசாரியுங்கள்.

காரணம் இருக்கிறது. 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற வைரஸ் இந்த எண்ணைத்தான் மாற்றியது. 40 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் மோசடிக் கும்பலின் சர்வரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தன. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ அந்தக் கும்பலை வளைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நெட் அறுந்துவிடாமலிருக்க, 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை ஓடவிட வேண்டியிருந்தது.

ஆகவே, நீங்களாக எண் போடுவதாக இருந்தால் முதல் எண் ஒரு நிறுவனம், இரண்டாவது எண் வேறொரு நிறுவனம் என்று போடுங்கள். இப்போது இருக்கும் எண்ணை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம் மாற்றுங்கள்.